கேட்காமல் கூட்டிப்போன வழி

தனுவச்சபுரம்
6 ஜூன் 1954

என் பிரியமுள்ளவருக்கு,

வீடு வந்து சேர்ந்தேன் என்று எழுதவே பத்து நாள் ஆகிவிட்டது. கோபத்தில் எழுதினால் எனக்குத் தமிழ் நன்றாக வராது. பீருமேட்டிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மழையும் தொடங்கிவிட்டது.

கல்யாணமாகி நாலு வருஷம். ஊராரெல்லாம் நம் வாடகைக் காரில் ஏறுகிறார்கள், நானும் ஒருநாள் சவாரி போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மே மாதம் நீங்களாகவே கிளம்பச் சொன்னபோது எனக்கு எத்தனை சந்தோஷம். பனச்சமூட்டில் சாயா குடிக்கும்போது, ஏன் இந்த வழி என்று கேட்டேன். "மெயின் ரோட்டிலே எல்லாரும் போவினும். ஒனக்கு நான் காடு காட்டித் தாறேன்" என்றீர்கள்.

காட்டினீர்கள். குளத்துப்புழை தாண்டி ரோட்டின் குறுக்கே ஆறு போல வெள்ளம் ஓடியதே, அங்கே கியர் போட்டுக் கொடுத்து என்னை ஸ்டியரிங் பிடிக்க வைத்தீர்கள். கம்பால் ஆழம் பார்த்துக்கொண்டு நீங்கள் முன்னால் நடந்தீர்கள். நான் பயந்தபோது "நேரா பிடி, பேடிக்காண்டாம்" என்று நீங்கள் கத்தியதும், கார் அக்கரை ஏறியதும் நான் அழுதுகொண்டே சிரித்ததும் நினைவிருக்கிறதா? என் ஆயுளில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

அந்த வெள்ளத்தைக் கடக்கும்போதும் பின்சீட்டுக்கு அடியில் தடை செய்த நோட்டீஸ்கள் இருந்தன. பீருமேட்டில் நீங்கள் அவற்றை இறக்கும்போதுதான் நான் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் உண்மையா இல்லையா என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

சத்தியபாய்

*

பீருமேடு
13 ஜூன் 1954

அன்புள்ள சத்தியபாய்க்கு,

உன் கடிதம் கனகதாஸ் மேல்விலாசத்துக்கு வந்தது. அவனுக்கு எஸ்டேட் ஆபீசில் எழுத்து வேலையென்றாலும் என்னைத் தன் வீட்டில் வைத்திருக்கப் பயப்படவில்லை. இங்கே தோட்டத் தொழிலாளர் லயங்களில் நம் ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்தால் நீ என்னைத் திட்டமாட்டாய். விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் தமிழ் பேசுகிறவர்கள் கேட்பதைத்தான், தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்பதைத்தான், இவர்களும் கேட்கிறார்கள்.

உன்னிடம் சொல்லாதது உன்னைக் காப்பாற்றத்தான். ஒன்றும் தெரியாதவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது அல்லவா. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

குளிர் அதிகம். கார் பழுதில்லாமல் ஓடுகிறது.

என்றும் உன்,
தேவகுமார்

*

தனுவச்சபுரம்
24 ஜூன் 1954

அன்புள்ளவருக்கு,

நேற்று மத்தியானம் ஞானபாய் என்று ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கே என்னைத் தேடி வந்தாள். யாரென்று முதலில் தெரியவில்லை. மடத்தறையில் மழைக்கு ஒதுங்கினோமே, அந்தச் சாயாக்கடை ராஜையாவின் மனைவி. நமக்குக் கட்டிலை ஒழித்துக் கொடுத்துவிட்டு அவர்கள் அடுப்படியில் படுத்தார்கள். காலையில் அவளிடம் சாக்கில் சுற்றிய ஒரு கெட்டைக் கொடுத்து, ஆள் வந்து வாங்கிக்கொள்வான் என்றீர்கள். பழந்துணி என்று நான் நினைத்தேன்.

ஆள் வரவில்லை. போலீஸ் வந்தது. ராஜையாவைக் கொண்டுபோய் ஒன்பது நாளாகிறது.

"எனக்க மாப்பிள்ளைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதாக்கும், டீச்சரே. அந்தக் கெட்டுல என்ன உண்டுண்ணு நாங்க பாக்கவும் இல்ல" என்றாள். அழவில்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்து, அது உங்களுடையது என்று சொல்லுங்கள்.

சத்தியபாய்

*

பீருமேடு
1 ஜூலை 1954

அன்புள்ள சத்தியபாய்க்கு,

ராஜையாவின் செய்தி கேட்டு மிகவும் வருத்தம். வக்கீல் ஒருவரிடம் சொல்லியிருக்கிறோம். ஒன்றும் அறியாதவனை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? விட்டுவிடுவார்கள்.

இந்த மாதம் இங்கே என்னால் அசைய முடியாது. கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு ஜனத்தின் காரியத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும். நீ பொறுமையாக இரு. யாரிடமும் பேசாதே.

உன்,
தேவகுமார்

*

தனுவச்சபுரம்
9 ஜூலை 1954

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்காமல், ராஜையாவை வைத்திருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறினேன்.

அந்தக் கெட்டு எங்கள் காரில் வந்தது, கொடுத்தது என் கணவர், நானும் கூட இருந்தேன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ராஜையாவை விட்டார்கள். இடது காலை ஊன்றாமல் நடக்கிறான்.

நீங்கள் எங்கே என்று கேட்டார்கள். நான் இடத்தைச் சொல்லவில்லை. அவர் தாமாகவே வருவார் என்றேன். உங்களைக் கேட்காமல் உங்களுக்காக வாக்குக் கொடுத்துவிட்டேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வருவதும் வராததும் இனி உங்கள் இஷ்டம்.

வழக்கு முடியும்வரை பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். தமிழ் எனக்கும் தாய்மொழிதான். அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன். நீங்கள் கேட்டிருந்தால் அந்த நோட்டீஸை நானே மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

சத்தியபாய்

*

நெய்யாற்றின்கரை சப் ஜெயில்
16 ஜூலை 1954

என் சத்தியபாய்க்கு,

மேலே இருக்கும் விலாசத்தைப் பார்த்ததும் உனக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

கிளம்பும்போது கனகதாஸ் கதவை மறித்து நின்றான். "எலே, நீ போனா அடுத்த கெட்டை ஆரு கொண்டு போவா?" என்றான். "ஆரு கொண்டு போனாலும் சரி. அதைச் சாயாக்கடையில வச்சிட்டுப் போவாண்டாம்" என்றேன். காரை அவனிடமே விட்டுவிட்டேன்.

மடத்தறையில் இறங்கினேன். ராஜையா கடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துவிட்டு, இடது காலை இழுத்தபடி அடுப்புப் பக்கம் திரும்பினான். ஞானபாய் சாயா கொண்டுவந்து வைத்து, நான் குடித்து முடிக்கிறவரை நின்றாள். "டீச்சரைக் கேட்டதாச் சொல்லணும்" என்றாள். அவ்வளவுதான். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்கு நானாகப் போனேன்; இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதும்போது, "பெண்டாட்டிக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது ஐயா. சொல்லாமக் கூட்டிக்கொண்டு போனேன். அதையும் குற்றம்ணு எழுதணும்" என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "அதுக்குச் சட்டத்துல வகுப்பு ஒண்ணும் இல்லடா" என்றார்.

அதனால் அதை உன்னிடம்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். உன்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று எழுதினேன். அது பொய். ஒரு டீச்சர் முன்சீட்டில் இருந்தால் போலீஸ் காரைச் சோதிக்காது என்று நினைத்தேன். அதற்காகத்தான் உன்னைக் கிளம்பச் சொன்னேன்.

ஆனால் வெள்ளத்தில் நீ கார் ஓட்டிய அன்று, சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்து போயிற்று. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

வியாழக்கிழமை பார்க்க விடுவார்கள். வரவேண்டும் என்று சொல்லமாட்டேன்.

தேவகுமார்

*

தனுவச்சபுரம்
18 ஜூலை 1954

அன்புள்ளவருக்கு,

வியாழக்கிழமை வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை; வந்தாலும் அதை நேரில்தான் சொல்வேன்.

நோட்டீஸ் ஒன்றை ஸ்டேஷனில் வாசித்தேன். சொன்ன விஷயம் சரி. ஆனால் ஐந்து இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. இனி அச்சடிக்கும் முன்னால் என்னிடம் காட்டச் சொல்லுங்கள்.

உள்ளே உங்களோடு எத்தனை பேர் உண்டு என்று எழுதுங்கள். அதற்குத் தகுந்தபடி கிழங்கு அவித்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள்,
சத்தியபாய்