இருபத்திரண்டாம் இலக்கக்காரனைக் கொடுத்துவிட்டார்கள்

சண்டை பிடிக்கக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுவிட்டுப் போன என் அன்புக் குலம் அண்ணைக்கு,

உங்கள் ஆளைக் கொடுத்துவிட்டார்கள், அண்ணை. உங்கள் இருபத்திரண்டாம் இலக்கக்காரனை. இன்று மத்தியானம் தொலைக்காட்சியில் சொன்னார்கள். முப்பத்திரண்டு வயதாம், முழங்கால் பழுதாம். அவனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு இரண்டு இளம் பெடியன்களை எடுத்திருக்கிறார்கள். "அண்ணை, கேட்டியளே!" என்று சோபாப் பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே மடிக்காத உடுப்புத்தான் குவிந்து கிடந்தது.

வேறு யாரிடம் சொல்ல? இந்த வீட்டில் இன்றைக்கும் ஐந்து பேர் இருக்கிறோம். அந்த விளையாட்டைப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். "கையில தூக்கிக்கொண்டு ஓடுறதுக்குப் பேர் ஃபுட்போலோ?" என்று மற்றவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறந்து ஒரு சொல் பேசாமலே பொழுது பட்டுவிடுகிறது.

இந்தக் கடிதத்தைச் சங்க மலரில் போடக் கேட்டிருக்கிறேன். உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு நீங்கள் மனமொத்துத்தான் போனீர்களா?

ஸ்காபரோவில் இந்தக் கட்டடத்து ஒன்பதாம் மாடிக்கு எங்கள் எல்லோருக்கும் முதல் வந்தவர் நீங்கள். மனைவியையும் மகளையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு, ஐம்பது வயதில், தனியாக. பிறகு வந்த எங்களை விமான நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போனதும் நீங்கள்தான். பிளாஸ்ரிக் பக்ரறி ஃபோர்மனுக்கு முன்னால் எங்கள் ஒவ்வொருவனையும் கொண்டுபோய் நிறுத்தி, "இவன் என்னைப் போல வேலை செய்வான்" என்றீர்கள். நாங்கள் நான்கு பேரும் அந்த ஒரு வசனத்தில் வேலைக்குப் போனவர்கள்.

ஃபுட்போல் உங்களுக்கு ஒரு ஜக்கெற்றால் வந்தது. முதல் குளிருக்குப் பழைய உடுப்புக் கடையில் நீங்கள் வாங்கிய ஜக்கெற்றின் முதுகில் மேற்குப் பக்கத்து அணி ஒன்றின் சின்னம் இருந்தது. "உடுப்பைப் போட்டாச்சு, இனி அவங்கட பக்கம்தான்" என்று ரொறன்ரோவில் இருந்துகொண்டு அந்த அணிக்கு ஆளாகிவிட்டீர்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற இருபத்திரண்டாம் இலக்கக்காரன்தான் உங்களுக்கு உயிர். நாலு பேர் மேலே விழுந்தாலும் அவன் பந்தை விடமாட்டான்.

உயிரென்றாலும், அவனை விற்கச் சொன்னவரும் நீங்கள்தான். என்ன மனிசனப்பா நீங்கள்!

"கால் போனவனை வச்சுக்கொண்டு கும்பிடுறதே? இப்ப குடுத்தால் ரெண்டு பெடியளைத் தருவாங்கள். அடுத்த வருசம் பழஞ்சப்பாத்தும் தராங்கள்."

"அவன் எத்தினை வருசம் இவங்களுக்காக ஓடினவன் அண்ணை? நன்றி எண்டு ஒண்டு இல்லையே?"

"நன்றி வந்து பந்து தூக்குமே? விசர்க் கதை கதையாதை. தேத்தண்ணியைப் போடு."

எண்பத்தாறாம் ஆண்டு முழுக்க ஞாயிறு தவறாமல் இந்தச் சண்டைதான். நான் ஒரு நாளும் வென்றதில்லை.

அடுத்த தை மாதம் பஸ் தரிப்பில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தீர்கள். முழங்கால் பிறகு சரிவரவில்லை. எட்டு மணித்தியாலம் நின்று செய்கிற வேலைக்கு இனி ஏலாது என்று ஆயிற்று. வீட்டிலே இருந்து எங்களுக்குச் சமைத்தீர்கள், எங்களுக்கு வந்த இமிகிறேஷன் கடிதங்களை வாசித்துச் சொன்னீர்கள். பகல் முழுக்கத் தனியே இருந்துவிட்டு, நாங்கள் கதவைத் திறந்ததும் வாசலிலேயே கதையைத் தொடங்குவீர்கள். எங்களுக்கோ அலுப்பு. "பிறகு, அண்ணை" என்று உள்ளே போய்விடுவோம்.

எங்கள் கட்டடத்தில் ஆள் மாற்றுகிற வழக்கம் ஒன்று உண்டு என்பதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பெடியன்கள் கூட்டாக இருக்கிற வீடுகள் ஏழெட்டு. இரவு வேலைக்காரன் பகல் வேலைக்காரரோடு படுக்க ஏலாது, சிகரெட் மணம் ஒருவனுக்கு ஒத்துவராது, இப்படி ஏதாவது வந்தால் வீட்டுக்கு வீடு ஆளை மாற்றிக்கொள்வோம். சூட்கேசைத் தூக்கிக்கொண்டு லிஃப்ற்றில் ஏறினால் சரி. யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

பதினோராம் மாடியில் ரவி என்ற பெடியன் இருந்தான். எங்கள் பக்ரறியில்தான் வேலை, கையில் கார். எங்கள் நான்கு பேருக்கும் அந்தக் கார் மேல் கண். மேல் வீட்டு நந்தனுக்கும் ஆட்களுக்கும் சமைக்கவும் கடிதம் வாசிக்கவும் ஓர் ஆள் தேவையாக இருந்தது. மற்ற மூவரும் என்னிடம், "நீதானே அவரோட வாய் காட்டுறனி, நீயே சொல்லு" என்று தள்ளிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

ஆவணி மாதத்து ஞாயிறு அது. ஆட்டத்தின் இடைவேளை. நேராகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நீங்கள் சொன்னதையே எடுத்து உங்களிடம் நீட்டினேன்.

"அண்ணை, நீங்கள்தானே சொன்னனீங்கள், நல்ல விலை வரேக்கை குடுத்திடவேணும் எண்டு. மேல் வீட்டுக்காரர் ரவியைத் தாறாங்களாம். கார் வரும். நீங்கள் மேல போனால்..."

நீங்கள் விளம்பரத்தின் பக்கம் திரும்பினீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

"நல்ல ட்ரேட்தான். உந்தக் காலுக்கு ஒரு கார் கிடைக்குதெண்டால் விடலாமே?"

"மேல ரீவி இருக்கோ?" என்று மட்டும் கேட்டீர்கள். "ஓம், இருக்குது" என்றேன். எனக்குத் தெரியாது, அண்ணை. வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த வீட்டில் தொலைக்காட்சி இல்லை. ஆட்டம் முடிய முதலே எழும்பி உடுப்பை அடுக்கினீர்கள். சாவி ரவிக்கு வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் வந்து கதவைத் தட்டினீர்கள். உங்கள் பெயரில் எடுத்த வீட்டுக் கதவை. உள்ளே வந்தும் சோபாவில் சாய்ந்து இருக்காமல், விருந்தாளி மாதிரி நுனியில் இருந்தீர்கள். மூன்றாம் ஞாயிறு வரவில்லை. நான் மேலே வந்து பார்த்தேனா? இல்லை. ரவியின் காரில் அஜின்கோர்ட்டுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தோம். அதன் பிறகும் இன்றைக்கு, நாளைக்கு என்று ஏதோ ஒரு சாட்டு. ஐப்பசியில் நந்தன் ஓடி வந்து, "குலம் அண்ணைக்கு நெஞ்சு நோ, அம்புலன்ஸ் வந்து கொண்டுபோட்டுது" என்றான். நாங்கள் போய்ச் சேர முதல் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்துமூன்றாவது வயதில்.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சோறு போடும்போது நந்தன் என் பக்கத்தில் இருந்து சொன்னான்: "உங்கட அண்ணை எங்களோட ஒரே சண்டை. ஆரோ இருபத்திரண்டாம் நம்பராம், அவனை ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாதாம். நாங்கள் அந்த விளையாட்டே பாக்கிறேல்லை, ஆனா மனிசன் விடாது. குடுத்தால் அவன் பிறகு ஓடவே மாட்டான் எண்டு கத்தும்."

சோற்றை அப்படியே விட்டு எழும்பினேன். கையைக் கழுவிவிட்டு வெளியே போய் நின்றேன்.

நாள் முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வயதுபோன ஆட்டக்காரனை அணி கொடுக்கலாமா? கொடுக்கலாம், அண்ணை. இப்போது நான் உங்கள் பக்கம். அவனுக்குப் பெயர் இருக்கிறது, போகிற ஊரில் கைதட்டி எடுப்பார்கள், பிடிக்காவிட்டால் தன் வீட்டில் போய் இருப்பான். உங்களுக்கு அந்த வசதி எங்கே இருந்தது? வீடு உங்கள் பெயரில், வாடகைக் காசு எங்கள் கையில். "மாட்டன்" என்று சொல்லியிருந்தால் அன்று பின்னேரம் எந்தக் கதவுக்குப் போயிருப்பீர்கள்? நான் கேட்டது ஒரு கேள்வியே இல்லை. அதற்கு நீங்கள் சிரித்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ரவியும் போய்விட்டான், தெரியுமா? கலியாணம் முடித்து, காரையும் கொண்டு மொன்றியலுக்கு. அவன் இடத்துக்கு வந்தவனிடம் கார் இல்லை, நாங்கள் திரும்பவும் பஸ்ஸில்தான்.

போன கிழமை கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் அக்காவின் கடிதம் வந்தது. உங்கள் மனைவி எனக்கு எழுதுவது இதுதான் முதல் தரம். நீங்கள் கடைசியாகப் போட்ட கடிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறா. "வீட்டு இலக்கம் மாறியிருக்கே என்று கேட்டிருந்தேன். 'செல்வம் எனக்கு மேல் மாடியில் தனி அறை எடுத்துத் தந்திருக்கிறான், கால் நோகுது என்று ஒரு வேலையும் செய்ய விடுகிறான் இல்லை' என்று எழுதினார். கடைசிக் காலத்தில் உங்களைப் போல ஒரு தம்பி கிடைக்க அவர் குடுத்து வைத்தவர். நீங்கள் நல்லா இருக்க வேணும்."

மேல் வீட்டில் நீங்கள் படுத்த இடம் எனக்குத் தெரியும், அண்ணை. நீங்கள் போன பிறகு உங்கள் சூட்கேசை எடுக்கப் போய்ப் பார்த்தேன். குசினி வாசலில், குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு மெத்தை விரிப்பு.

ஏன் அப்படி எழுதினீர்கள்? என்னைக் காப்பாற்றவா? இல்லை, தள்ளிவிட்டார்கள் என்று அக்காவிடம் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருந்ததா? என்னிடம் நேரே ஒரு பேச்சுப் பேசியிருக்கலாமே. ஏசியிருந்தால் நான் அந்த ஆள் மாற்றத்தை விட்டிருப்பேன், சத்தியமாக விட்டிருப்பேன்.

இந்த மலர் அச்சுக்குப் போக முதல் அக்காவுக்கு என் கடிதம் போகும். தனி அறை இருக்கவில்லை, நான்தான் அனுப்பினேன் என்று எழுதுவேன். அந்தத் தனி அறையை நினைத்து அவ ஆறியிருக்கிறா என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் இருந்தால் "எழுதாதை, விசரா" என்பீர்கள். இந்த ஒரு தரம் உங்கள் சொல்லைக் கேட்கமாட்டேன். தம்பி என்று அவ எழுதியதை அவவே வெட்டட்டும், அதுவரைக்கும்,

உங்கள் தம்பி,
செல்வம்