எந்த மரம்?

ஈசூன்
ஞாயிறு காலை

அன்பு மகள் ஹனீனுக்கு உம்மாவின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், எடின்பரோ குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய், அதனால்தான் கையாலேயே எழுதுகிறேன், முழுதும் படி. உன் அண்ணன் ரஃபீக்குக்கு சாங்கி ஏர்போர்ட்டில் ஷிஃப்ட் மாறிவிட்டது, அவன் முகத்தைப் பார்ப்பதே வெள்ளிக்கிழமைதான். வாப்பா தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனால் நேரத்துக்கு வருவதில்லை, கேட்டால் 'பஸ் லேட்டு லா' என்கிறார், சட்டையில் தே தாரிக் டீ சிந்திய கறை இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறதோ தெரியவில்லை.

போன வாரம் நீ போனில் அழுதது எனக்குள்ளேயே நிற்கிறது. என் தோள்வலியைப் பற்றி நான் சொன்ன சொற்களை உன் ஆராய்ச்சியில் தமிழிலேயே எழுதியிருந்தாய், அதையெல்லாம் எடுத்துவிட்டு 'பெயின்' என்று ஒரே சொல்லாகப் போடு என்கிறார் உன் பேராசிரியர், நீயும் 'சரி உம்மா, எடுத்துடுறேன், மாசக் கடைசியில குடுக்கணும்' என்றாய். இப்போது சொல்கிறேன், எடுக்காதே.

ஏன் என்று கேள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் தோளில் ஊசி போட நாள் குறித்திருந்தார்கள் அல்லவா, அதற்கு முன்னால் பிசியோவிடம் அனுப்பினார்கள். திவ்யதர்ஷினி என்று நம் தமிழ்ப் பெண், உன் வயதுதான் இருக்கும். அவளும் எல்லாரையும் போல வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லச் சொன்னாள். இரண்டு வருடமாக ஏழு, ஏழு என்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, நம்பர் சொல்ல மாட்டேன், என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேட்டால் கேளும்மா என்றேன். காலையில் கடுக்கிறது, சோற்றுப் பானையைத் தூக்கினால் சுளீரென்று இழுக்கிறது, பிறகு உட்கார்ந்து குடைகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, கடைசியில் மரத்துப் போகிறது, இதில் ஏழு எங்கே இருக்கிறது. கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, 'எந்த மரம் ஆன்ட்டி?' என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. 'மரத்துக்குப் போகலம்மா, மரத்துப் போவுது, தொட்டா தெரியல' என்று கிள்ளிக் காட்டினேன். அவளுக்கு வெட்கமாகிவிட்டது, ஆனால் கெட்டிக்காரி, விடவில்லை, 'எங்கேருந்து எங்க போகுது' என்று கேட்டாள். கழுத்திலிருந்து முழங்கை வழியாகச் சுண்டுவிரல் வரை கோடு போட்டுக் காட்டினேன். கழுத்தை அழுத்தினாள், சுண்டுவிரலில் தெறித்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். கோளாறு தோளிலேயே இல்லையாம், கழுத்து நரம்பில்தானாம். தோள் ஊசியை நிறுத்திவிட்டார்கள், கழுத்தை ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள், பயப்படாதே, சரியாகக் கூடியதுதான் என்றார்கள். நான் முன்பு சொல்லாமல் இல்லை, சொன்னதையெல்லாம் பெயின் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

உலகத்தில் எதுவும் பொருளாக நிற்பதில்லை, எல்லாம் நடந்துகொண்டே இருக்கிறது, அதுதான் என் ஆராய்ச்சி என்று நீ ஒரு மணி நேரம் விளக்கினாய், நிலையானவன் அல்லாஹ் ஒருவன்தானே, மற்றதெல்லாம் அப்படித்தான் என்றேன். உன் புத்தகங்களை நான் படித்ததில்லை. ஆனால் வலி என்று ஒரு சாமானை யாரும் என் கையில் கொண்டுவந்து வைக்கவில்லை, அது கடுக்கிறது, குடைகிறது, ஓடுகிறது. பெயின் என்று எழுதினால் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, தப்பான இடத்தில் ஊசி குத்த வருகிறார்கள். நடப்பதை எழுதப் போன நீயே நடக்கிற சொல்லை எடுத்துவிட்டு அப்புறம் எதை எழுதுவாய்? பேராசிரியருக்கு மரியாதை கொடு, தணிந்து பேசு, என் சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்காதே. பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போனால் போகட்டும், கல்யாணப் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன், வாப்பாவையும் எடுக்க விடமாட்டேன்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே, பசியோடு படிக்காதே. அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. இவ்வளவு எழுதியதில் சுண்டுவிரல் மரத்துவிட்டது. உன் பேராசிரியருக்குப் புரியவில்லை என்றால் குற்றமில்லை, திவ்யாவுக்கும்தான் புரியவில்லை. எந்த மரம் என்று அவரையும் கேட்கச் சொல்.

இப்படிக்கு,
ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்காத உன் உம்மா
ரஷீதா