அரக்குச் சிவப்பு இழை

21-11-1971, ஞாயிறு

குமாஸ்தா வேலைக்கான ஆங்கிலத் தேர்வை எழுதிவிட்டேன். நான் பயந்த மாதிரிக் கேள்விகள்தான் வந்தன. ஒரு நீண்ட வாக்கியத்தைக் கொடுத்து, அதில் வரும் 'ஷீ' தாயா மகளா என்று கேட்டிருந்தார்கள். இன்னும் பத்து வாக்கியங்களில் கமா எங்கே வரும், எங்கே வராது என்று கேள்வி. ஒவ்வொரு கமாவையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கடைசியில் கூடுதல் தாள்களைச் சேர்த்துக் கட்டும்போது, அவர்கள் கொடுத்த வெள்ளை நூல் அறுந்துவிட்டது. மணி அடிக்கப்போகிறது. தறியில் இழை அறுந்தால் சேர்ப்பதற்காக வளையலில் கொஞ்சம் பட்டு சுற்றி வைத்திருப்பேன். கை தானாக அதை உருவித் தாள்களைக் கட்டிவிட்டது. அரக்குச் சிவப்பு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஏதாவது இருந்தால் விடைத்தாளைத் திருத்தமாட்டார்களாம்.

சாயங்காலம் முழுக்க ஒரே வேண்டுதல். வழியில் அந்த இழை தானாகக் கழன்று விழ வேண்டும். இல்லையென்றால் திருத்துகிறவர் கையில் போவதற்குள் யாராவது அவிழ்த்துவிட வேண்டும்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?"

பாதிதான் சொன்னேன். "பேப்பரைப் பட்டு இழையில கட்டிட்டேன்பா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம தறி முடிச்சுதானே போட்ட? அப்புறம் இன்னாத்துக்குக் கவலப்பட்டுக்கினு இருக்குற? மெட்ராசுக்கே போனாலும் அவிழாதும்மா."