படிக்க வேண்டியவை: 143

1978

ஜூன் 12, திங்கள்

விடியலிலிருந்து மழை. கொச்சி பஜார் ரோட்டில் முழங்கால் தண்ணி. மகள் மீனாவின் குடைக்கம்பி ஒடிஞ்சது. தைக்க வந்த ரவிக்கை ஆறு, ஒன்றுக்கும் ஹூக் வைக்கல.

புது நோட்டு வாங்கி, படிக்க வேண்டிய புத்தகப் பட்டியலைப் படியெடுத்தேன். மொத்தம் 143. பேர் மறந்துபோகுது, அதனால அட்டை நிறமும் சேர்த்து:

29. கிணறு வெட்டுறவர் – பச்சை
30. கப்பல் சமையல்காரர் – அட்டை இல்ல
31. கலங்கரை விளக்குக்காரர் பெண்டாட்டி – நீலம்

எனக்கு நானே போட்ட சட்டம்: படிச்சதைக் கோடு போட்டு அடிச்சிடணும். தினம் சாயங்காலம் படிக்கத்தான் செய்றேன். ஓணத்துக்கு அப்புறம் அடிச்சது நாலே நாலு. கணக்கு ஒத்துவரல.

இவர் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் கூடிக்கிட்டே போகுதா?" சிரிக்காமல் கேட்டார்.

ஜூன் 14, புதன்

வாசகசாலை. தமிழுக்கு ஒரே அலமாரி, அதுவும் ஜன்னல் பக்கம், பாதி நனைஞ்சது. நம்பர் 31 எடுத்தேன். புத்தகம் பதிஞ்சு கொடுக்கிற சேவியர் சேட்டன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தன்னே வேணோ, சேச்சீ?"

"ஏன், கெட்ட புத்தகமா?"

"ஏய், ஒன்னுமில்ல. கொண்டுபொய்க்கோ." எடுத்துட்டுப் போன்னு கையைக் காட்டினார்.

வீட்டில் 40 பக்கம். நல்லா இருக்கு. விளக்குக்காரர் பெண்டாட்டி மீனுக்கு உப்புப் போடுற இடத்தில் ரெண்டு நிமிஷம் நின்னேன். பார்த்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்ன 'டிக்'. யாரோ எனக்கு முன்னாடி அங்கேயே நின்னிருக்காங்க.

துவரம்பருப்பு தீர்ந்தது.

ஜூன் 16, வெள்ளி

பக்கம் 112. அந்தப் பெண்டாட்டி விளக்குக் கண்ணாடியைக் கையில் பிடிச்சபடி, கூப்பிட்டாலும் கேட்காம, வெறிச்சு நிக்கிறா. ஓரத்தில் பென்சில் எழுத்து:

"எங்கம்மாவும் இப்படித்தான் நிப்பா."

புத்தகத்தை மூடிட்டுத் திரும்பத் திறந்தேன். என் அம்மா அப்படித்தான் நிப்பா, குழம்புக் கரண்டியோட. பேய் பிடிச்சிருக்குன்னு திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயில் தூணில் கட்டி வேப்பிலையால அடிச்சாங்க. அங்கேயே செத்தா. கொச்சியில் இது இவருக்கு மட்டும் தெரியும். இவர் புத்தகம் படிக்கிற ஆள் இல்ல.

எழுத்தைப் பட்டியல் நோட்டோட சேர்த்து வச்சுப் பார்த்தேன். என் எழுத்து.

ஜூன் 17, சனி

வாசகசாலை திறந்ததும் போனேன். பதிவு நோட்டைக் காட்டச் சொன்னேன். சேவியர் சேட்டன் சாவி தேடுற மாதிரி கொஞ்ச நேரம் ஓட்டினார். நான் விடல.

நீல அட்டை: ஜனவரியில் என் கையெழுத்து. ஏப்ரலில் என் கையெழுத்து. இப்போ புதன்கிழமை. பச்சை அட்டை ரெண்டு தடவை. அட்டை இல்லாதது மூணு தடவை. எல்லாம் நான் இன்னும் படிக்காத புத்தகம். பட்டியலில் இருக்கிற புத்தகம்.

"யாரோ என் கையெழுத்தைப் போட்டு எடுத்துட்டுப் போறாங்க சேட்டா."

"வேறாரும் அல்ல சேச்சீ. சேச்சி தன்னே." நானேதான்னு, குனிஞ்சுக்கிட்டே சொன்னார்.

வரும் வழியில் மீன். அயலை. விக்கிற அம்மா: "இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க?" ஆள் மாறிச் சொல்றாங்கன்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மிக்குப் பக்கத்தில் தேக்கிலைப் பொட்டலம் ஒண்ணு. பிரிச்சேன். அயலை. கையில் இருக்கிறதும் அயலை. ரெண்டிலேயும் ஐஸ் கரையல.

ஜூன் 18, ஞாயிறு

யார்கிட்டேயும் சொல்லல. என் சேலையைக் கட்டிக்கிட்டு என்னை மாதிரி ஒருத்தி இந்தத் தெருவில் நடக்கிறா. நான் ஹூக் தைக்கும்போது அவ எங்கே? நான் அவளாக இருக்கும்போது நான் எங்கே?

மீனா: "அம்மா, நேத்து ஜங்ஷன்ல கூப்பிட்டேன். என்னைப் பார்த்தே. ஆனா யாரோ பிள்ளையைப் பார்க்கிற மாதிரி."

நேத்து ஜங்ஷன் பக்கம் நான் போகல. எழுதும்போதே சந்தேகம். போகலையா?

கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். மீனா கேட்டதுக்குத் தூசின்னேன்.

ஜூன் 20, செவ்வாய்

இவரிடம் சொல்லிட்டேன். சோத்துத் தட்டைத் தள்ளி வச்சார். ஆச்சரியமே படல. அதுதான் எனக்குப் பயம்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"திடீர்னு நின்னுடுவே. கையில சாயா கிளாஸ் இருக்கும். கூப்பிட்டா கேக்காது. உதட்டைச் சப்பிக்கிட்டே இருப்பே. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலையைப் பார்ப்பே. அதைச் சுத்தி நடந்தது எதுவும் உனக்குத் தங்கல. சிலது பத்து நாள் இருந்துட்டுப் போயிடுது."

"எப்பத்திலேருந்து?"

"ஓணத்திலேருந்து."

"ஏன் சொல்லல?"

தள்ளி வச்ச தட்டை எடுத்துப்போய்க் கழுவினார். அப்புறம், "உங்கம்மாவைக் கட்டிவச்ச கயிறை நான் பார்த்திருக்கேன். ஊர்ல தெரிஞ்சா உன்னையும் கொண்டுபோயிடுவாங்க."

சேவியர் சேட்டனிடம் சொல்லி வச்சது இவர்தான்: அவ எது கேட்டாலும் கொடுங்க, எத்தனாவது தடவைன்னு சொல்லாதீங்க. மீனாவைப் பள்ளி விட்டதும் என் பின்னாலேயே வரச்சொன்னதும் இவர்தான்.

ஒன்பது மாசம். மூணு பேர் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க. நான் தனியாத்தான் நடக்கிறேன்னு நினைச்சேன்.

கத்தினேன். பக்கத்து வீட்டு ரேடியோ நின்னது. இவர் திருப்பிக் கத்தல. நாளைக்கே ஆஸ்பத்திரின்னு சொன்னேன். "கட்டிப்போடுவாங்கன்னா கட்டிப்போடட்டும். தெரியாம இருக்க முடியாது."

ஜூன் 26, திங்கள்

போட்டில் எறணாகுளம். இவர் என் மணிக்கட்டை விடவே இல்ல. டாக்டர் சின்ன வயசு, மலையாளத்தில் பொறுமையா சொன்னார். பேய் இல்ல. பைத்தியமும் இல்ல. வலிப்பு. கைகால் இழுக்காத வலிப்பு. அம்மாவுக்கும் இதுவா இருந்திருக்கலாமாம்.

அதைக் கேட்டதும்தான் அழுதேன். ஒரு மாத்திரை. அவளுக்கு ஒரு மாத்திரை போதுமாயிருந்திருக்கும்.

மாத்திரை காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தனியா அடுப்புப் பக்கம் வேண்டாம். தனியா போட்டில் வேண்டாம். போனது திரும்ப வராது. இனிமேல் போறது குறையலாம்.

"குறையலாம்", அவ்வளவுதான் சொன்னார்.

ஜூலை 1, சனி

வாசகசாலைத் தமிழ் அலமாரி முழுக்க இறக்கி வச்சு ஒவ்வொண்ணாப் புரட்டினேன். மீனா பக்கத்தில், இப்போ மறைஞ்சு நிக்காம. நூத்திப் பத்தொன்பது புத்தகத்தில் என் பென்சில். கிட்டத்தட்ட அலமாரி முழுசும் படிச்சு முடிச்சவ ஒருத்தி இருக்கா. எனக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரியும் போல. ஒரு ஓரத்தில், ஏப்ரல் தேதி போட்டு, "இதைத் திரும்ப எடுத்தியா? பரவாயில்ல, கடைசி அத்தியாயம் நல்லா இருக்கும்."

ஏப்ரலிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கு. அதையும் மறந்திருக்கேன்.

பட்டியலில் நூத்திப் பத்தொன்பதையும் அடிச்சேன். சந்தோஷமா இல்ல. சேவியர் சேட்டன் பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாம, ரெண்டு தடவை சர்க்கரை போதுமான்னு கேட்டார்.

ஜூலை 8, சனி

மாத்திரையால் தூக்கம் தூக்கமா. நாக்கில் இரும்பு ருசி. இந்த வாரம் நின்னது ஒரே தடவைன்னு மீனா சொன்னா.

நம்பர் 30, அட்டை இல்லாதது. நாலாவது தடவையா, தெரிஞ்சே எடுத்து வந்தேன். கடைசிப் பக்கத்தின் பின்னால, அன்னைக்குப் புரட்டினப்போ கண்ணில் படாதது, மை கலங்கி:

"இன்னைக்கு மீனா போட் ஜெட்டியில தண்ணிக்குள்ள போயிட்டா. நான் குதிச்சேன். எனக்கு நீந்தத் தெரியாது. முடியைப் பிடிச்சேன். வந்துட்டா. இதை மறக்கக்கூடாது. இதை மட்டும்."

என் முழங்காலில் ஒரு நீளத் தழும்பு இருக்கு. மாடிப்படியில் விழுந்ததுன்னு நினைச்சிருந்தேன்.

எத்தனை தடவை யோசிச்சாலும் தண்ணி வரல. அவள் முடி என் கையில் இருந்தது வரல.

ஜூலை 9, ஞாயிறு

இவர் சந்தைக்கு. மீனாவை உட்கார வச்சுக் கேட்டேன். "போட் ஜெட்டியில என்ன நடந்தது? முதல்லேருந்து சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

சொன்னா. போட்டிலிருந்து காலை எடுத்து வைக்கும்போது பலகை வழுக்கினது. மேலே யாரோ "பிள்ளை! பிள்ளை!"ன்னு கத்தினது. நான் செருப்போட குதிச்சது. ரெண்டு பேரையும் மீன்காரங்க கயிறு போட்டு இழுத்தது. கரையில் நான் அவளை அடிச்சு, அடிச்ச கையாலேயே கட்டிக்கிட்டது. வீட்டுக்கு வந்து ஈரத்தோட உட்கார்ந்து அந்தப் புத்தகத்தில் எழுதினது.

தடுமாறாம சொன்னா. எங்கே நிறுத்தணும், எங்கே என் கையைப் பிடிக்கணும் எல்லாம் தெரிஞ்சிருந்தது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை பேசுற மாதிரி இல்ல. பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

எழுதிக்கிட்டிருந்த கை நின்னது.

"இதுக்கு முன்னாடி நான் கேட்டிருக்கேனா?"

மீனா பாவாடை ஓரத்தை இழுத்து விட்டா.

"இது நாலாவது தடவை, அம்மா. இன்னைக்குத்தான் எழுதுறே."