புதன்கிழமை கெளம்புனா வெள்ளிக்கிழமை

அன்னூர்,
12.8.96

அம்மணி,

போன வாரம் போன்ல உன்னையப் பொய்க்காரின்னு கத்திப்போட்டு ரிசீவரை வெச்சுட்டேன். அன்னிலேருந்து உங்கம்மா எங்கிட்டப் பேசறதில்ல.

நீ அமெரிக்கா போனப்ப, செவ்வாய்க்கிழமை மெட்ராஸ்ல பிளேன் ஏறி அதே செவ்வாய்க்கிழமை போய்ச் சேந்துட்டேன்னு எழுதியிருந்தே. இப்ப உங்கண்ணன் கல்யாணத்துக்குப் புதன்கிழமைதான் லீவு, வெள்ளிக்கிழமைதான் வந்து சேருவேன்னா எந்த அப்பன் நம்புவான்? முகூர்த்தமோ வியாழக்கிழமை. கூடப்பொறந்தவ பக்கத்துல நின்னு இணைச்சீர் செய்யாம மாப்பிள்ளைய எப்படி மணவறைக்கு அனுப்பறது?

கணபதியில பிளேன் டிக்கெட் போடற கதிரேசன் முந்தாநேத்து ஒரு எலுமிச்சம்பழத்தைப் பூமின்னு வெச்சு உருட்டி உருட்டிக் காட்டுனான். பதினாலாயிரம் கிலோமீட்டராமா. போறதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணேகால் நாள், வாரதுக்கும் அதே ஒண்ணேகால் நாள் ஆகுமாமா. அங்க கடிகாரம் நம்மள விடப் பன்னண்டரை மணி நேரம் பின்னால ஓடுதாமா. போறப்பக் கெடைச்ச பொழுதை வாரப்பத் திருப்பிக் குடுத்தரோணுமாமா. இதை நீ வெவரமாச் சொல்றதுக்கென்ன? படிச்சவ நீதானே!

உம் பெரியப்பன் மகளை நிறுத்திக்கலாம்னு சொன்னேன். "தங்கச்சி வந்தாத்தான் தாலி கட்டுவேன்"னுட்டான் உங்கண்ணன்.

முகூர்த்தத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தியாச்சு. பொண்ணூட்டுக்காரங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காங்க. அச்சடிச்ச பத்திரிகையில அடிச்சுத் திருத்தக்கூடாதுன்னு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. முந்நூறு பத்திரிகையிலயும் நாந்தான் ஒத்தையா உக்காந்து தேதியத் திருத்துனேன். வெரலெல்லாம் வலிக்குது.

வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் ஏர்போட்டுக்கு நானே வாரேன். நீ பொய்க்காரியா இல்லையான்னு அங்க பாத்துக்கறேன்.

உங்கப்பன்