நான்காம் பாட்டில் ஒரு மூச்சு

அன்பு அண்ணே,

லோரி மோதி நீ போன பிறகும் நம் இசை விமர்சனப் பக்கத்தை நான் மூடவில்லை. அப்போது நீ கேட்டுச் சொல்வாய், நான் தட்டச்சு செய்வேன். இப்போது இரண்டும் நானே. வானொலி சீண்டாத மெட்டல், பங்க் பையன்கள் இன்னும் நமக்குத்தான் பாட்டு அனுப்புகிறார்கள்.

ராசா ஊரிலிருந்து ஒரு பங்க் குழுவின் கேசட் வந்தது. கோபம் நிஜம், ஆனால் டிரம்ஸ் பாடகனை முழுங்கிவிட்டது என்று எழுதினேன். நீ இன்னும் காரமாகச் சொல்லியிருப்பாய், இல்லையா?

அடுத்து வந்தது செரண்டா ஊர் மெட்டல் குழுவான 'கரும்பால்' அனுப்பிய, இன்னும் வெளிவராத புதிய ஆல்பம். நான்காம் பாட்டில் கிட்டார்கள் அடங்கி மழை மட்டும் பெய்கிறது. அந்த மழைக்குள் யாரோ மூச்சை இழுக்கிறார்கள். முன்பல் உடைந்த பிறகு, நீ பாட்டில் கத்துவதற்கு முன்னால் உன் மூச்சில் மெல்லிய விசில் ஒன்று வருமே, அதே விசிலோடு.

அந்தப் பையன்கள் உன்னைப் பார்த்ததே இல்லை. பாடகன் திருவுக்கு போன் செய்தேன்.

"அது நான் இல்லக்கா. மழைய புடிக்கலாம்னு ரெக்கார்டர ஒரு வீட்டுக்குள்ள வச்சிட்டு நாங்க எல்லாரும் காடியில கதவ சாத்திட்டு உக்காந்திருந்தோம். வீடு காலி லா."

"எந்த வீடு?"

"புக்கிட் பெலிம்பிங் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள்ள, ஆளுங்க விட்டுட்டுப் போன ஒரு பழைய லயத்து வீடு."

"கத்துறதுனா வெளிய போயி கத்து" என்று அம்மா விரட்டிய நாட்களில் நீ போய்ப் பாடிப் பழகிய வீடு அது.

ஞாயிறு மதியம் திருவோடு அங்கே போனேன். நல்ல வெயில். உள்ளே மட்டும் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. ரெக்கார்டரை வைத்துவிட்டு, வாசலில் நின்று "அண்ணே" என்று ஒருமுறை கூப்பிட்டேன். பிறகு போட்டுக் கேட்டோம். பதிவில் செம்பனை ஓலைகள் உரசிக்கொண்டே இருந்தன. நான் கூப்பிட்டதும் அந்தச் சத்தம் சட்டென நின்றது, யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல.

திரு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அக்கா, பாட்டுல அந்த மூச்ச வெட்டிடவா?"

பொறு, அப்புறம் சொல்கிறேன் என்றேன். நீ என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் விமர்சனம் எழுத வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டேன். அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"குமாரு வந்துட்டானா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, "திருப்பிப் போடு" என்றாள். இரண்டு நிமிடம்கூட இந்த இசையைப் பொறுக்காத அம்மா, அலறலும் இரைச்சலுமாக முழுப் பாட்டையும் கேட்டாள். எங்கே பதிந்தது என்பதையும் சொன்னேன்.

"வெட்ட வேணாம்னு சொல்லு அந்தப் பையன்கிட்ட" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "ஏன்டி, இன்னும் அங்கயா கெடக்கான்? வீட்டுக்கு வந்து கத்தச் சொல்லு."

அம்மா சொன்னதைத் திருவிடம் சொன்னேன். கிட்டார் ஒலி கலங்கல், நான்காம் பாட்டுதான் உயிர் என்று எழுதி வெளியிட்டேன். மூச்சு யாருடையது என்று எழுதவில்லை.

உன் அறைக் கதவை அம்மா சாத்துவதே இல்லை இப்போது. நீ வந்தால் நான் பயப்பட மாட்டேன், அண்ணே. பக்கத்தில் உட்கார்ந்து உன் பாட்டைக் கேட்பேன். சரியில்லை என்றால் உன் முகத்துக்கு நேராகவே சொல்வேன், இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி