நீ கடைசியாக உருட்டிய தகடு

என் அருமை மாப்பிள்ளைக்கு,

நீ கடைசியாக உருட்டிய எவர்சில்வர் தகட்டை இன்றைக்கு உலையில் போட்டு எடுத்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நீ மில்லிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்றைக்கு, அந்தத் தகட்டுச் சுருள் உன் மெஷினிலிருந்து இறங்கி ஓரமாக இருந்தது. உன் கருமாதி முடிந்து, என் தங்கச்சி கவிதாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை இந்தக் கையாலேயே கொடுத்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பும்வரை அதை ஒருத்தரும் தொடவில்லை. "அவன் மச்சான் வந்திட்டு மதி" என்று, நான் வந்த பிறகு பார்த்தால் போதுமென்று மலையாளத்தில் சொல்லி, சூப்பர்வைசர் சேட்டன் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்.

நம்ம சண்டைதான் மில்லுக்கே தெரியுமே. சூடு காட்டாமல் உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி நசுக்கி நீ தகட்டுக்கு முறுக்கேற்றுவாய். ஸ்பிரிங்குக்குப் போகிற தகடு. அப்புறம் நான் உலையில் அளவாகச் சூடு காட்டினால் இன்னும் உரமாகும். சூடு எகிறினால் நீ ஏற்றியதெல்லாம் போய்த் தொய்ந்துவிடும். "மச்சா, பாடுபட்டு ஏத்துனதை எளக்கிப்போடாதீங்க" என்று தினமும் உலைப் பக்கம் வந்து நிற்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்குக் கெட்டுப்போனால் திரும்ப உருட்டித்தர நீ இல்லையே! மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, சோறு தின்னக்கூடப் போகவில்லை. ஆறினதும் ஒரு துண்டு வெட்டி வளைத்துப் பார்த்தேன். விட்டதும் படக்கென்று நிமிர்ந்தது. நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை. உன்னிடம் காட்டலாமென்று திரும்பினேன். அப்போதுதான் நீ செத்துப்போனது எனக்கு உறைத்தது. சுடுகாட்டில் அழாதவன், அங்கே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் லாரி வந்து சுருளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நல்லா வந்தால் போகத்தானே செய்யும்? அந்தத் துண்டை மட்டும் கவிதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அவரு செஞ்சதுங்களாண்ணா?"

"நாங்க ரெண்டு பேரும் செஞ்சது கண்ணு. ஓரம் கையைக் கிழிச்சுப்போடும், பாத்து."

அவள் அதைக் கீழே வைக்கவே இல்லை.

லாரி கிளம்பும்போது நடந்ததை இன்னும் சொல்லவில்லை. உன் மெஷினுக்கு வேலந்தாவளத்துக்காரர் ஒருத்தரைப் போட்டிருக்கிறார்கள். "தகடு நல்லா வந்துச்சுங்களா?" என்று கேட்டார். உன் இடத்தில் நின்றுகொண்டு கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் என்ன பாவம் செய்தார்?

நாளைக்குப் போனதும் அவரிடம் பேசுகிறேன், சத்தியமாக. ஆனால் அவரைக் கூப்பிட வாயெடுத்தால் உன் பேர்தான் வரும். அதற்கு மட்டும் கொஞ்சநாள் பொறுத்துக்கொள்.

கவிதாவின் அண்ணன்,
உன் மச்சான்.